பூணும் பீங்கானும்

பிரெஞ்சு தேசத்துப் பழைய பீங்கான் சாடிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றின் ஆழ்ந்த நீலத்தையும், அந்த நீலத்தின் நடுவே ஒழித்துவிட்ட வெண்பரப்பில் தீட்டிய ஆயர் காதல் சித்திரங்களையும், அடிப்புறத்து முத்திரையையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தச் சாடியைத் தாங்கியும் தழுவியும் நிற்கும் பொன்முலாம் பூசிய வெண்கலப் பூணைப் பற்றிக் கேட்டால், அது அழகுக்காகப் பிற்பாடு சேர்த்தது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பூண் வேலையையே ஜீவனோபாயமாகக் கொண்டு பாரிஸ் நகரத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு இந்த அபிப்பிராயம் ஒருநாளும் சம்மதமானதில்லை. தீயில் பிறந்து தீயை மறந்துவிட்ட பீங்கானும், வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும் உலோகமும் ஒன்றையொன்று நோகடிக்காமல் இருநூறு ஆண்டுக்காலம் சேர்ந்து வாழ்வதற்கு ஏதோ ஒரு கைத்திறன் காரணமாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தத் திறன் வெளியே தெரிகிற பொன்னில் இல்லை; பொன்னுக்கும் பீங்கானுக்கும் நடுவே, கண்ணுக்குப் படாமல் விட்டுவைத்த இடைவெளியில் இருக்கிறது.

நான் புதுச்சேரிக்காரன். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்து புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நீடிக்க விருப்பம் தெரிவித்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தாய்மாமனின் நகைப் பட்டறையில் ஊதுகுழலும் குறடும் பிடித்துப் பழகிய கையோடு பாரிஸ் வந்து சேர்ந்த என்னை, மரே வட்டாரத்தில் பழைய வெண்கலச் சாமான்களைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்த ஒருவர் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்த வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்கலத் தொழிலுக்குப் பெயர்போனது. கடிகாரங்களுக்கும் விளக்குகளுக்கும் சாடிகளுக்கும் வேண்டிய பூண்கள் அங்கே சந்துக்குச் சந்து வார்க்கப்பட்டுச் செதுக்கப்பட்டு முலாமிடப்பட்டன. எங்கள் முதலாளி என்னைப் பொன்னின் பக்கமே நெடுநாள் விடவில்லை. பழைய சாடிகளைக் கழற்றுவதும், கழற்றிய உறுப்புகளை வரிசை தப்பாமல் துணிமேல் பரப்பி வைப்பதும்தான் எனக்கு இட்ட வேலை. பூணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் முதுகைப் பார்க்கப் பழக வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

முதுகைப் பார்க்கத் தொடங்கியபோது ஒன்று விளங்கிற்று. இந்தச் சாடிகளில் எதுவுமே ஒரு கையால் ஆனதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் தொழிற்குழுக்களின் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. வெண்கலத்தை வார்த்துச் செதுக்குகிறவர்கள் ஒரு குழு. அதற்குப் பொன்முலாம் இடுகிறவர்கள் மற்றொரு குழு. 1776இல் குழுக்கள் திருத்தி அமைக்கப்படும் வரையில் ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்க முடியாது. பீங்கானோ அரசருடைய ஆலையிலிருந்து வர வேண்டும், அல்லது கப்பலேறிச் சீனத்திலிருந்து வர வேண்டும். இவர்கள் எல்லாரையும் ஒரு பொருளில் கூட்டிவைத்தவர்கள் மெர்சியே என்னும் வணிகர்கள். தாமாக எதையும் உற்பத்தி செய்ய உரிமையற்ற இவர்கள், எதையும் எதனோடும் இணைத்து அலங்கரித்து விற்கும் உரிமையைப் பெற்றிருந்தார்கள். அவர்களுள் லசார் டுவோ என்பவர் 1748 முதல் 1758 வரையில் எழுதிவந்த நாட்கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறி இன்றும் நமக்குக் கிடைக்கிறது. பொம்பதூர் சீமாட்டி முதலான பெரிய மனிதர்களுக்கு எந்தச் சாடியை, எவ்விதப் பூண் கட்டி, என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பாராயணம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பூண் என்பது பீங்கானுக்குப் பிற்சேர்க்கை என்று சொல்லுகிறவர்கள் அந்தக் கணக்கில் நாலு பக்கம் புரட்டினாலே போதும். சாடி கடைக்கு வரும்போதே அதற்குப் பூண் சிந்தனையிலும் இருந்திருக்கிறது, செலவுக் கணக்கிலும் இருந்திருக்கிறது.

பீங்கானுக்குப் பூண் கட்டும் வழக்கம் அதைவிடப் பழமையானது. சீனத்தில் செய்யப்பட்டு, பதினான்காம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்கு வந்துவிட்ட ஒரு வெண்பீங்கான் சாடி டப்ளின் நகரத்து அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது வெள்ளிமேல் பொன்முலாமிட்ட பூண்கள் பெற்று, பிடியும் மூக்கும் உடைய கெண்டியாகவே உருமாறியிருந்தது. அந்தப் பூண்கள் இன்று இல்லை. கேஞ்ஞியேர் என்ற சேகரிப்பாளருக்காக 1713இல் வரையப்பட்ட வண்ணச் சித்திரம் ஒன்றைக் கொண்டுதான் அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்கிறோம். பூணை இழந்த பீங்கான் தன் சரித்திரத்தில் பாதியை இழந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேறு எனக்குத் தெரியாது.

இனிப் பொன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் நான் விரிவாகப் பேசுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாமன் பட்டறையில் கற்றதும் மரேயில் கற்றதும் சந்தித்துக் கைகுலுக்கிய இடம் அதுதான். பழைய முலாம், பாதரசத்தால் இட்ட முலாம். ஒரு பங்கு பொன்னுக்கு எட்டுப் பங்களவில் பாதரசம் சேர்த்துக் குழைத்தால் வெண்ணிறமான ஒரு கலவை கிடைக்கும். செதுக்கி முடித்த வெண்கலத்தை அமிலத்தில் நன்றாகச் சுத்தி செய்து, பாதரசம் கரைந்த திராவகத்தைப் பூசி, கலவை பிடிக்கும்படி பக்குவப்படுத்த வேண்டும். பிறகு பித்தளைக் கம்பித் தூரிகையால் கலவையை மூலை முடுக்கெல்லாம் பரப்பிக் கரிநெருப்பின் மேல் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும். அது ஆவியாகிப் போகப் போக வெண்மை மாறி, ஒளியற்ற மங்கலான மஞ்சள் நிறத்தில் பொன் மாத்திரம் வெண்கலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். இவ்வளவும் ஆன பின்புதான் கலை தொடங்குகிறது. எந்த இடத்தை மங்கலாகவே விடுவது, எந்த இடத்தை அகேட் கல்லால் தேய்த்து மினுக்குவது என்று நிர்ணயிப்பதில்தான் இலைக்கு நரம்பு எழுகிறது, ஆட்டுத்தலையின் கொம்புக்குத் திரட்சி வருகிறது. பியேர் குத்தியேர் என்ற மகாகலைஞர் மங்கல் முலாமை ஒரு சௌந்தரியமாகவே உயர்த்தியவர். அரச குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும் ஒப்பற்ற வேலைகளைச் செய்துவிட்டு 1813இல் வறுமையில் இறந்தார்.

இந்தப் பொன்னுக்குக் கொடுத்த விலை பொன்னால் மாத்திரம் கொடுத்ததன்று. ஆவியாகிப் போன பாதரசம் முலாமிடுவோரின் சுவாசத்தில் புகுந்தது. கை நடுங்கும், பல் ஆடும், புத்தி தடுமாறும். பலர் இளமையிலேயே மாண்டார்கள். ரவ்ரியோ என்ற வெண்கலத் தொழிலதிபர் 1814இல் இறந்தபோது, இந்தத் தொழிலாளரைக் காப்பாற்றும் உபாயத்தைக் கண்டுபிடிப்பவருக்கென்று மூவாயிரம் பிராங்க் பரிசை உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆவியை மேலே இழுத்துக்கொண்டுபோகும் புகைபோக்கி உலையை வகுத்துக்காட்டி, 1818இல் அந்தப் பரிசைப் பெற்றவர் தார்சே என்னும் ரசாயன அறிஞர். மரித்த பின்னும் தம் தொழிலாளரின் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்ட ரவ்ரியோவின் பெயரை, அவர் செய்த கடிகாரங்களுக்காக நினைப்பதைவிட அந்த உயிலுக்காக நினைப்பதே நியாயம் என்று நான் நினைக்கிறேன். 1840ஐ ஒட்டி மின்சாரத்தால் முலாமிடும் முறை வந்தது. அபாயம் குறைந்தது, பொன்னின் செலவும் குறைந்தது. ஆனால் மின்முலாம் எங்கும் ஒரே சீராகப் படிவது. பழைய முலாமில் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி வரும் அந்த ஆழம் அதற்கு இல்லை.

எங்கள் பட்டறைக்கு அவ்வப்போது வந்து உட்கார்ந்திருக்கும் பழைய முலாம் தொழிலாளர் ஒருவர் இருந்தார். அகேட் கல்லைப் பிடிக்கும் விதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது நடுங்கும் அந்த விரல்கள், கல்லை வெண்கலத்தின்மேல் அழுத்தியவுடன் நடுக்கம் நின்றுபோய் நேர்கோட்டில் ஓடும். “தம்பி, கேட்கிறவர்களுக்காக மறுபடியும் நெருப்பு முலாம் போடாதே. இருக்கிற பொன்னைக் கழுவு, அதுவே போதும்,” என்பார். நான் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தேன். தேய்ந்த இடத்தில் புதுப்பொன் ஏற்றினால், பழைய கைவேலைக்காரன் மங்கலாகவும் மினுக்கமாகவும் பிரித்துவைத்த பாகுபாடு முழுவதும் அழிந்துபோகும். வெதுவெதுப்பான நீரில் காரமில்லாத சவர்க்காரத்தைச் சிறிது கரைத்து, மென்மையான தூரிகையால் மெழுகுவர்த்திப் புகையையும் பழைய வார்னிஷையும் பொறுமையாக நீக்கினாலே நூற்றுக்கு எண்பது சாடிகள் தம் ஒளியைத் தாமே திரும்பப் பெற்றுவிடும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பசையைக் கொண்டு தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதைக்கும். மெல்லிய படலமாக நிற்கும் பொன் ஒரே துடைப்பில் துணியோடு போய்விடுகிறது.

ஒரு குளிர்காலத்தில் வயது முதிர்ந்த விதவை அம்மாள் ஒருவர் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்த சாடியைப் பற்றிச் சொல்லுகிறேன். முழங்கை உயரம். கருநீல நிலம். முன்புறம் பூஷே என்ற ஓவியரின் பாணியில் ஆயனும் ஆய்ச்சியும், பின்புறம் பூங்கொத்து. நான்கு கால் வைத்த வெண்கல அடித்தட்டு, அதன்மேல் இலைகள் விரிந்த கிண்ணம்போன்ற பூண், கழுத்தில் வளையம், இரு பக்கமும் ஆட்டுத்தலைப் பிடிகள், மூடியின் உச்சியில் பைன் காய். அடுப்புமாடத்து மேடையில் கடிகாரத்துக்கு இருபுறமும் நிற்கும் ஜோடியில் ஒன்று அது. அடியிலிருந்து வயிறு வரை மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தது. “யாரும் தொடவில்லை, முசியே. இரவில் தானாகவே விரிந்தது,” என்றார் அம்மாள். அவருடைய மகன் இதை மேசைவிளக்காக மாற்றித் தரச் சொன்னாராம். அழகிய சாடிகளைத் துளையிட்டு மின்கம்பி நுழைத்து விளக்காக்கும் இந்தப் பழக்கத்தால் நாசமான பொருள்களைக் கணக்கெடுத்தால் மனம் தாங்காது; அதை நான் செய்வதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சாடியை மெத்தைமேல் கவிழ்த்து அடித்தட்டைப் பார்த்தேன். இப்படிப்பட்ட சாடிகள் ஒரே துண்டாக இருப்பதில்லை. பாதம் வேறு, உடல் வேறு. இரண்டின் நடுவிலும் ஒரு தண்டு ஊடுருவிச் சென்று, கீழே ஒரு நட்டில் இறுகி நிற்கும். நட்டைச் சுற்றிச் சாவிப்பிடி வழுக்கிய புதிய கீறல்கள் இருந்தன. யாரோ ஒரு பழுதுபார்ப்பவர், சாடி சற்றே ஆடுகிறது என்ற புகாருக்கு விடையாகப் பலங்கொண்ட மட்டும் முறுக்கிவைத்திருக்கிறார். எண்ணெய் விட்டுக் காத்திருந்து, மெல்லத் தளர்த்தினேன். நட்டுக்கு மேலே தோல்வளையம் ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் கரிய தடம் மட்டும் இருந்தது. தோலைத் தூக்கி எறிந்துவிட்டு வெண்கலத்தை நேரே பீங்கானின்மேல் உட்காரவைத்திருந்தார்கள். இலைப்பூணின் உட்புறத்தில் பழைய சுண்ணச் சாந்து உதிர்ந்து கிடந்தது. அதைத் துடைத்தபோது, உறுப்புகளை ஜோடி சேர்ப்பதற்காக அந்தக் காலத்துப் பணியாளன் அரத்தால் போட்ட வெட்டுக்குறிகள் தெரிந்தன. இடப்பக்கப் பிடியின் அடியில் ஒரு வெட்டு, அது பொருந்தும் வளையத்தில் ஒரு வெட்டு, வலப்பக்கத்தில் இரண்டிரண்டு. முறுக்கியவர் இவற்றைக் கவனியாமல் பிடிகளை மாற்றிப் பூட்டியிருந்தார். பிடிகள் கழுத்து வளையத்தையும் கீழ்ப்பூணையும் இழுத்துப் பிணைத்து ஒரு கூண்டாக ஆகிவிட்டன.

விரிசலின் காரணம் அங்கேயே எழுதியிருந்தது. ஒரே அளவு சூட்டுக்கும் குளிருக்கும் வெண்கலம் பீங்கானைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரிந்து சுருங்கும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்கலம் 20 டிகிரி குளிர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுகும். அதே நீளப் பீங்கான் அதில் மூன்றில் ஒரு பங்கே குறுகும். மீதி வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அடுப்புமாடத்து மேடையில் மாலை முழுவதும் காய்ந்து, நெருப்பு அணைந்த பின் விடியுமட்டும் குளிர்கின்ற சாடியில் அந்த அற்பம் ஒவ்வொரு இரவும் பீங்கானை நெரிக்கிறது. பழைய பூண்காரன் தோலும் சாந்தும் மெழுகும் வைத்து ஒதுக்கியிருந்த சிறு தளர்ச்சிதான் இத்தனை காலமும் சாடியைக் காத்தது. சற்றே ஆடுவது அதன் குறையல்ல, அதன் ஆரோக்கியம்.

அம்மாளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அடியில் நீலத்தால், எதிரெதிராகப் பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகளும், நடுவே 1757ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருந்தன. அது செவ்ர் நகரத்து அரச ஆலையின் முத்திரை. வென்சேன் கோட்டையில் 1740இல் தொடங்கி 1756இல் செவ்ருக்குக் குடிபெயர்ந்து, 1759இல் முழுவதும் பதினைந்தாம் லூயியின் சொத்தான அந்த ஆலை, முதலில் செய்தது மென்பீங்கான். வன்பீங்கானுக்கு வேண்டிய கேயோலின் என்னும் வெண்களிமண் பிரெஞ்சு மண்ணிலே, லிமோஷ் அருகில் சென்-இரியே என்ற ஊரில், 1768இல்தான் கிடைத்தது. மென்பீங்கானின் உடைந்த முகம் சீனிக்கட்டியை உடைத்தாற்போல் பொருபொருவென்று இருக்கும். வர்ணங்கள் மேற்பூச்சினுள் அமிழ்ந்து கனிந்து தோன்றும். இந்தச் சாடியின் விரிசல் ஓரத்தில் சிதறியிருந்த சில்லோ வழவழப்பாகக் கண்ணாடி போன்று மின்னியது. வர்ணம் மேலே நின்றது. தண்டின் மரையும் இயந்திரத்தால் வெட்டிய சீரான மரை. முத்திரை சொல்லும் ஆண்டில் இந்தப் பீங்கான் செவ்ரில் பிறந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், செவ்ருக்கு இருந்த கீர்த்தியை நம்பிப் பாரிஸ் பட்டறைகள் செய்து குவித்த சாடிகளில் நல்ல ஜாதி அது.

“அப்படியானால் இது போலியா?” என்றார். “முத்திரை பொய், மதாம். சாடி பொய்யல்ல,” என்றேன். அதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. லூவ்ரில் இருக்கும், புவாசோ வடிவமைத்துத் தோமிர் பூண் கட்டிய, இரண்டு மீட்டர் உயரமுள்ள 1783ஆம் ஆண்டுச் செவ்ர் சாடியின் முன் நின்றவர்கள், இந்தச் சாடியை அதற்குச் சமமாக வைக்க மாட்டார்கள். நானும் வைக்க மாட்டேன். ஆயினும் அந்த ஆட்டுத்தலைகளின் தாடியை இழையிழையாக உளியால் பிரித்தவன் யாரோ, அவன் தன் வேலையை முழு மனத்தோடு செய்திருக்கிறான். பெயரில்லாத அந்தத் தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய மரியாதை, பொய் முத்திரையின் பொருட்டுக் குறைந்துவிடக் கூடாது.

விரிசலுக்குள் தெளிந்த பிசினைச் செலுத்தி நிலைப்படுத்தினோம்; நீல வர்ணம் பூசி மறைக்கவில்லை. பிடிகளில் பொன் தேய்ந்து செம்மை தெரிந்த இடங்களையும் அப்படியே விட்டோம். வெட்டுக்குறி பார்த்துப் பிடிகளை அதனதன் பக்கம் பூட்டினேன். பூண் பீங்கானைத் தொடும் இடமெங்கும் தக்கைத் துண்டுகள், நட்டுக்கு மேலே புதிய தோல்வளையம். நட்டை விரலால் மாத்திரம் முடுக்கி நிறுத்தினேன். எடுத்துப்போகும்போது பிடிகளைப் பற்றித் தூக்க வேண்டாம், ஒரு கை அடியிலும் ஒரு கை வயிற்றிலுமாக ஏந்த வேண்டும், அடுப்புமேடையை விட்டு உள்சுவர்ப் பக்கம் வைக்க வேண்டும் என்று சொன்னபோது, அம்மாள் ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதமே ஜோடியின் மற்றச் சாடியையும் கொண்டுவந்துவிட்டார். அதிலும் அதே சாவியின் கீறல்கள். நட்டு அதே அளவு இறுகியிருந்தது. தோல்வளையம் இதிலும் இல்லை. ஆனால் கழற்றி நிறுத்தி விரல்கணுவால் தட்டியபோது பீங்கான் கணீரென்று ஒலித்தது. முதலாளியும் கிட்ட வந்து இன்னொரு முறை தட்டிக் கேட்டார். பிறகு என் கையில் தோலையும் கத்திரியையும் எடுத்துக் கொடுத்தார்.